சுவருக்கு அடியில் செம்புப் பைப்

ஆரணியில் எங்கள் தெருவில் மண்ணுக்கடியில் செம்புப் பைப் ஓடிய வீடு எங்களுடையது மட்டும்தான். அதில் எங்களுக்கு இருந்த திமிர் கொஞ்சநஞ்சமல்ல. பட்டுக்குச் சாயம் போடுகிற குடும்பம். இரும்புப் பைப்பில் வரும் தண்ணீரில் துரு இருக்கும், துரு பட்டால் வெளிர் நிறங்கள் மங்கிவிடும் என்று தாத்தா காலத்தில் யாரோ சொல்லி, கிணற்றடித் தொட்டியிலிருந்து சாயப்பட்டறை வரைக்கும் செம்பிலேயே பைப் புதைத்துவிட்டார்கள். பிறகு பிளாஸ்டிக் பைப் வந்து ஊரே அதற்கு மாறியபோதும் நாங்கள் மாறவில்லை. எங்கள் வீட்டுச் சந்தன நிறத்தை வேறு எவனாலும் எடுக்க முடியாது என்று அப்பா சொல்வார். பெரியப்பாவும் அதையேதான் சொல்வார். இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் கடைசியில் அது ஒன்றுதான்.

அப்பாவும் பெரியப்பாவும் அண்ணன் தம்பி. பெரியம்மாவும் அம்மாவும் அக்கா தங்கை. அக்காவைக் கொடுத்த வீட்டுக்கே தங்கையையும் கொடுத்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே முற்றம். என்னைப் பெற்றது அம்மா என்றாலும் எனக்குத் தலை பின்னியது, பேன் பார்த்தது, அடித்தது எல்லாம் பெரியம்மாதான். அம்மாவுக்கு அக்கா பக்கத்தில் இருந்தால் போதும், வேறு எந்த ஊரும் தேவையில்லை. இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே பேசுவார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டால் ஒன்றும் இருக்காது. ஒன்றுமில்லாததைப் பொழுது சாயும் வரை பேசுவார்கள்.

பெரியப்பா சாயம் காய்ச்சுவார், அப்பா அலசுவார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு முகூர்த்த சீசனில், நாங்கள் அரக்கு நிறம் போட்டுக் கொடுத்த நூல் புடவையாகி, முதல் தண்ணியிலேயே சாயம் விட்டு, வெள்ளைக் கரையெல்லாம் சிவந்து கடைக்குத் திரும்பி வந்தது. “காய்ச்சினது சரியில்ல” என்றார் அப்பா. “அலசினது சரியில்ல” என்றார் பெரியப்பா. புடவையைக் கொண்டுவந்த வியாபாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரிக்காமல் திட்டியிருந்தால் இவர்கள் இருவரும் சேர்ந்து அவரோடு சண்டை போட்டிருப்பார்கள், குடும்பம் தப்பித்திருக்கும். அன்றிலிருந்து அண்ணன் தம்பி முகம் பார்த்துப் பேசவில்லை. பாகம் பிரிந்தது. முற்றத்தின் நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே சுவர் எழுந்தது. அஸ்திவாரக் கல் இறக்கும்போது அந்தப் பக்கம் பெரியப்பாவும் இந்தப் பக்கம் அப்பாவும் நின்று, ஒரு விரற்கடை கூட விட்டுக்கொடுக்காமல் கயிறு பிடித்துப் பார்த்தார்கள். கிணறும் தொட்டியும் அவர்கள் பக்கம் போயின, பட்டறை எங்கள் பக்கம் நின்றது. தண்ணீரை மட்டும் பிரிக்க முடியவில்லை. பைப் சுவருக்கடியில் இருந்தபடி இருக்கட்டும், இரண்டு வீட்டுக்கும் அதே தண்ணீர் என்று ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

சுவர் எழும்பி முடிந்த அன்று அப்பா ஒரு காரியம் செய்தார். அம்மாவின் வலது கையைப் பிடித்து என் தலைமேல் வைத்து, அந்த வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன், அக்காவோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். நான் அப்போது பத்தாவது முடித்திருந்தேன். கை வைக்க வேறு தலை கிடைக்கவில்லையா என்று இப்போது கேட்பேன். அப்போது வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் உள்ளங்கை என் வகிட்டை அழுத்தியது மட்டும் தெரிந்தது.

சத்தியத்தை மீறினால் என் தலைக்கு ஏதாவது வரும் என்று அம்மா முழுசாக நம்பினாள். பெரியம்மா தெருவில் எதிரே வந்தால் அம்மா இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாறிவிடுவாள். எனக்குச் சத்தியம் எதுவும் இல்லாததால் நான் கோயிலிலோ கடையிலோ பெரியம்மாவைப் பார்த்தால் பேசுவேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பைப் பார்த்தபடியே கேட்பாள்.

“இன்னா பொடவ கட்டிகினு இருந்தா?”

“பச்சை.”

“வாயில் பொடவயா, நைலக்ஸா?”

“கவனிக்கலம்மா.”

“கண்ணு எதுக்குடி கீது ஒனக்கு?”

பெரியம்மா தன் பெண்ணைச் சந்தவாசலில் கட்டிக் கொடுத்தபோது மேளம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று அந்தச் சத்தம் தெருமுனையில் தேய்கிற வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு போய்ப் பாத்திரம் துலக்கினாள். எனக்கு என் தலைமேலேயே கோபம் வரும்.

இப்படிச் சில வருடங்கள் போன பிறகு எங்கள் பட்டறையில் தண்ணீர் வரத்து குறைய ஆரம்பித்தது. முன்பு அண்டா நிறைகிற நேரத்தில் இப்போது பாதிதான் நிறைந்தது. அண்ணன் வேண்டுமென்றே வால்வைத் திருகி வைக்கிறார் என்றார் அப்பா. அந்தப் பக்கம் பெரியப்பா, தொட்டி சீக்கிரம் காலியாகிறது, தம்பி திருட்டுத்தனமாக இழுக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பைப் கசியலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. செம்பு ஆயிற்றே!

கடைசியில் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேறு வீட்டுக்காரன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. சாயக்காரன் ஒன்றுதான் செய்வான். ராணி கலர் பொடியில் ஒரு கை அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டு, எந்த இடத்தில் மண் சிவக்கிறது என்று பார்க்கக் காத்திருந்தார். அதே பைப்பின் மறுமுனையில் தம்பி சாயம் போடுகிறான் என்பது நினைவுக்கு வரவில்லையா, வந்தும் பேசுவதில்லை என்ற வீம்பில் விட்டுவிட்டாரா, தெரியாது.

அன்று எங்கள் பட்டறையில் சந்தன நிறம். அப்பா அண்டாவிலிருந்து தடியால் நூலைத் தூக்கினார். ரோஜாப்பூ மாதிரி வந்தது. முதலில் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு தடியோடு தெருவுக்கு ஓடினார்.

“வெளிய வாடா! என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!”

பெரியப்பா பனியனோடு வெளியே வந்தார். “என் தொட்டி, என் பொடி. நான் போடுவேன்.”

“போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொன்னா இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிகினு இருந்த?”

“நீ பேசுனியா? நான் ஏன் பேசணும்?”

தெருவே கூடிவிட்டது. எனக்குக் காய்ச்சல்; போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் பயம் இல்லை. “பேசிக்கிறாங்கடி” என்று என் காதில் சொன்னாள். அத்தனை வருடத்துக்குப் பிறகு இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசியது அன்றுதான். கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால்கூட நிறையவே பேசினார்கள்.

அதற்குள் முற்றத்தில் சுவரின் அடி சிவந்திருந்தது. எங்கள் பக்கம் ஒரு திட்டு, அவர்கள் பக்கம் ஒரு திட்டு. பைப் சரியாகச் சுவருக்கடியில் கசிந்துகொண்டிருந்தது. சுவரை இடிக்காமல் கை வைக்க முடியாது. யார் இடிப்பது என்று அதற்கு ஒரு சண்டை. கடைசியில் ஒரு கொத்தனார் வந்து, அடியில் ஒரு ஆள் குனிந்து உட்காரும் அளவுக்கு ஓட்டை போட்டு, முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினார். பைப் பச்சைக் களிம்பு பிடித்துத் தெரிந்தது.

பிளம்பர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, செம்பை வெட்டி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் போட்டுத் தருகிறேன் என்றார். “அதெல்லாம் வேணாம்” என்று சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குரல் வந்தது. பிளம்பர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். செம்பில் பற்றவைக்க ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தேடியதில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் அகப்பட்டார். ஃபிரிட்ஜுக்குள் ஓடுவதும் செம்புக் குழாய்தானே. மறுநாள் மதியம் கேஸ் சிலிண்டரை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். வாய் ஓயாத மனுஷன். குழிக்குள் இறங்கி ஸ்க்ரூ டிரைவரால் மண்ணைச் சுரண்டினார்.

“யாருங்க சொவுரு கட்டுனது? அஸ்திவாரக் கல்லு நேரா பைப்பு மேல ஒக்காந்துகீது. அழுத்தி அழுத்தி ஒடஞ்சிகீது, பாருங்க.”

அப்பா தொண்டையைச் செருமினார். அந்தப் பக்கம் பெரியப்பா யாரையோ கூப்பிடுகிற மாதிரி உள்ளே போனார்.

மெக்கானிக் உடைந்த துண்டை அறுத்து எடுத்தார். உப்புத்தாள் போட்டு இரண்டு முனைகளையும் தேய்த்தார்; களிம்பு போய்ப் புதுக்காசு நிறம் வந்தது. இரண்டுக்கும் மேலே உறை மாதிரிக் கொஞ்சம் பெரிய குழாய்த் துண்டு ஒன்றை மாட்டி, நெருப்பைக் காட்டினார். புஸ்ஸென்று ஆவி வந்தது. பற்றவில்லை. தொட்டி வால்வை மூடியிருந்தும் பைப்புக்குள் நூல் மாதிரித் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஈரம் இருக்கும் வரை பற்றாதாம்.

“யம்மா, வூட்ல பன்னு கின்னு இருந்தா குடுங்களேன். உள்ள திணிச்சா தண்ணி கொஞ்ச நேரம் நிக்கும். வேல முடிஞ்சதும் அதுவே ஊறிக் கரைஞ்சி வெளிய வந்துடும்” என்றார் அம்மாவிடம்.

என் காய்ச்சலுக்கு வாங்கிய பன் சமையலறை அலமாரியில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. காலையில்தான் அதில் ஒன்றைப் பாலில் தோய்த்துத் தின்றிருந்தேன். மீதி அப்படியே இருந்தது.

“இல்லீங்களே” என்றாள் அம்மா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்து அம்மா பொய் சொல்லி அதுவரை கேட்டதில்லை.

அப்போது ஓட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, யாரும் கேட்காமலே, பெரியம்மாவின் குரல் வந்தது. “எங்க வூட்லயும் இல்ல.”

மெக்கானிக் சுவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார். “செரி, தொட்டி தானா வடியட்டும். தேவிகாபுரத்துல ஒரு ஃபிரிட்ஜு கீது, அத முடிச்சிட்டுக் காலைல வரேன். ஓட்டைய அப்டியே வுடுங்க.”

அப்பா முணுமுணுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனார். பெரியப்பாவும் எங்கோ வெளியே கிளம்பிய செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா பலகையை எடுத்துவந்து குழி ஓரத்தில் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கமும் பலகை போடுகிற சத்தம். குனிந்து பார்த்தால் பெரியம்மாவின் மடி தெரிந்தது, மடியில் முறத்தில் அரிசி தெரிந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“முட்டி வலி எப்டிக்கீதுன்னு கேளுடி” என்றாள் என்னிடம், ஊருக்கே கேட்கிற குரலில்.

நான் வாயைத் திறக்கும் முன்பே பதில் வந்தது. “மழ வந்தா வலிக்குதுன்னு சொல்லு.”

“பேரன் நடக்கறானான்னு கேளு.”

“புடிச்சிகினு நடக்கறான். ஒங்கம்மா மூக்குதான்னு சொல்லு.”

“என் மூக்கா? பாவம் புள்ள.”

அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அது என்னிடம் சொன்னதா, அக்காவிடம் சொன்னதா என்று அவளுக்கே தெரியவில்லை. என் தலையை அவசரமாகத் தடவிப் பார்த்தாள். நெற்றி கொஞ்சம் சுட்டது. அவள் முகம் வெளுத்துவிட்டது. “அது நேத்து ஜொரம்மா, பழைய ஜொரம்” என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் சொன்னாள்.

“ஒங்கம்மா ஏன் எளச்சிகினே போறான்னு கேளு” என்றாள் பெரியம்மா.

வெகுநேரம் அரிசி புடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல், தவிடு ஒட்டிய விரல்கள். அம்மா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடிக்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லை. விளக்கு வைக்கிற நேரம் வரை அப்படியே இருந்தார்கள். நடுவில் நான் எதற்கு என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்தக் கை வேண்டியிருந்தது. கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மெக்கானிக் பேக்கரியிலிருந்து பன்னை அவரே வாங்கிவந்தார். தொட்டி வடிந்தும் சொட்டு நிற்கவில்லை. பன்னைப் பிய்த்து பைப்புக்குள் திணித்து நெருப்பைக் காட்டினார். பற்றவைக்கிற கம்பி உருகி, செம்பைச் சுற்றி மோதிரம் மாதிரி ஓடி இறுகியது. கல்லை நகர்த்தி, பைப்பைச் சுற்றி மணல் கொட்டி, மேலே ஒரு பலகைக்கல் வைத்துப் பாரம் இறங்காமல் செய்தார். வால்வைத் திறந்ததும் எங்கள் பட்டறைக் குழாயில் முதலில் பன் கூழாக வந்தது, பிறகு தண்ணீர் பழைய வேகத்தில் வந்தது. மத்தியானத்துக்குள் கொத்தனார் ஓட்டையை அடைத்துப் பூசிவிட்டார். கரணை சுரண்டுகிற சத்தம் வரும்போது அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணனும் தம்பியும் மறுபடி பேசாமல் ஆனார்கள். பேச இனி காரணம் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. காலையில் முற்றம் பெருக்கும்போது சுவர் ஓரத்தில் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பாள். மழைக்காலத்தில் அங்கே ஈரம் தெரிந்தால் அப்பாவைக் கூப்பிடுவாள். வெயில் வந்ததும் காய்ந்துவிடும். “அந்த ஆளு கை சுத்தம். இனிமே நூறு வருஷத்துக்குக் கசியாது” என்பார் அப்பா பெருமையாக. அம்மா அந்த மெக்கானிக்கைத் தெருவில் பார்த்தால் முகம் கொடுக்க மாட்டாள். ஏதோ தப்புச் செய்தவர் போல அவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவார்.

எனக்குக் கல்யாணமாகி வேலூருக்குப் போய்ச் சில வருடங்கள் ஆன பிறகு, ஒரு நாள் காலையில் பெரியம்மா நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எனக்குப் போன் வந்தது. நான் பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது அம்மா எங்கள் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வாசலில் சாவு மேளம். அவள் போகவில்லை.

“நான் போன்னு சொல்லிட்டேன்மா. போவ மாட்டேங்கறா” என்றார் அப்பா. அவர் கண் வீங்கியிருந்தது.

“அவ தலமேல வச்ச சத்தியம். அவ வந்து சொல்லட்டும்னு நின்னுகினு கீறேன்” என்றாள் அம்மா.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. ரோட்டிலேயே கத்தினேன். “என் தல நல்லாத்தாம்மா கீது! வா!” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அந்த வாசற்படியை மிதிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா போய்ப் பெரியப்பாவின் பக்கத்தில் நின்றார். பாடை தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்தார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு அம்மா அந்தப் பக்கத்து முற்றத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சுவரை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அடியில் ஒரு இடத்தில் மட்டும் பாசி பிடித்துப் பச்சையாக இருந்தது. பெரியப்பா மெதுவாக வந்து எதிரே குந்தினார்.

“ஒங்கக்கா தெனம் அங்க ஒரு சொம்பு தண்ணி ஊத்துவா” என்றார். “ஊத்திட்டு வந்து, பைப்பு கசியுது, அந்த மெக்கானிக்கக் கூப்புடுங்கன்னுவா. நான் போய்ப் பாப்பேன். மேல மட்டும் ஈரமாருக்கும், கிள்ளிப் பாத்தா உள்ள காஞ்சி கெடக்கும். எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சிகினே சும்மா இருந்துட்டேன்.”

அம்மா பாசியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம் நானும் தெனம் குனிஞ்சி குனிஞ்சி பாத்தேன் மாமா” என்றாள். “பாத்துகினேதான் இருந்தேன். ஊத்தலாம்னு எனக்குத் தோணவேயில்லியே.”